மானிட்டருக்குள் இருக்கும் திரவம்

போன மே மாதம் ஒரு மதியம் என் பைக்கை வெயிலில் நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன். டிஜிட்டல் மீட்டர் முழுக்க மை ஊற்றியது போல் கறுத்துக் கிடந்தது. வேகமும் தெரியவில்லை, பெட்ரோல் அளவும் தெரியவில்லை. தெருமுனை மெக்கானிக் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, "டிஸ்ப்ளே போயிடுச்சு சார், மீட்டர் செட்டையே மாத்தணும்" என்றார். அவர் சொன்ன தொகை அன்றைக்கு என் கையில் இல்லை. வண்டியைப் புங்கமரத்து நிழலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எல்லா எண்களும் பழையபடி பளிச்சென்று இருந்தன. மெக்கானிக் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இது நம் பத்திரிகைக்கு ஏன் என்று கேட்கிறீர்களா? அந்த மீட்டரில் இருப்பதும் நீங்கள் புதிதாக வாங்கி மேஜை மேல் வைத்திருக்கும் மானிட்டரில் இருப்பதும் ஒரே குடும்பத்துப் பொருள். எல்.சி.டி. என்று கடைக்காரர் சொல்வதை நாமும் திருப்பிச் சொல்கிறோம். அதில் நடுவில் இருக்கும் 'சி' கிரிஸ்டல், அதாவது படிகம். முதலில் இருக்கும் 'எல்' லிக்விட், அதாவது திரவம். இரண்டையும் சேர்த்தால் திரவப் படிகம். 'எல்.இ.டி. மானிட்டர்' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பெரும்பாலும் பின்னால் எரியும் விளக்குதான் எல்.இ.டி.; முன்னால் படம் காட்டுவது இதே திரவப் படிகம்தான்.

மானிட்டர் என்றதும் ஜப்பான், கொரியா, தைவான், சீனா என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் இந்தத் திரவத்தைப் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய பொருளாக முதலில் செய்து கொடுத்தவர் இங்கிலாந்தில், ஹல் என்ற துறைமுக ஊரின் பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆசிரியர். பெயர் ஜார்ஜ் வில்லியம் கிரே. இந்த மாதம் அவரைப் பற்றியும், அவர் செய்த பொருள் உங்கள் திரையில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றியும் பார்க்கலாம்.

திரவமா, படிகமா?

ஒரு தீப்பெட்டியைத் திறந்து பாருங்கள். குச்சிகள் எல்லாம் ஒரே திசையில், ஒன்றை ஒன்று ஒட்டி, நகர முடியாமல் அடுக்கியிருக்கின்றன. திடப்பொருளான படிகத்தில் மூலக்கூறுகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதே குச்சிகளைத் தரையில் கொட்டினால் எந்தக் குச்சி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல முடியாது. சாதாரணத் திரவம் அப்படி. இப்போது ஆற்றில் மிதந்து போகும் மூங்கில் கழிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக நகர்கிறது, ஒன்றை ஒன்று முந்துகிறது. ஆனாலும் எல்லாக் கழிகளும் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்த்தபடியே போகின்றன. திரவப் படிகம் என்பது இதுதான். தண்ணீர் போல் ஓடும், ஆனால் உள்ளே ஒரு வரிசை இருக்கும்.

இதை முதலில் கவனித்தவர் பிராகா நகரில் இருந்த ஆஸ்திரிய தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர். ஆண்டு 1888. கொலஸ்டிராலில் இருந்து செய்த ஒரு பொருளை அவர் சூடாக்கியபோது 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலான திரவம் ஆயிற்று. இன்னும் சூடாக்கினால் 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் சட்டென்று மறைந்து தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் குழம்பி, ஜெர்மனியில் இருந்த ஓட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்கு அனுப்பினார். அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். இந்த இரண்டாவது வெப்பநிலையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் வரிசை கலைந்துவிடும். என் பைக் மீட்டர் கறுத்ததற்குக் காரணம் அதுதான். அதற்கு பிறகு வருகிறேன்.

ஹல் நகரத்து ஆசிரியர்

கிரே 1926ல் ஸ்காட்லாந்தில் டென்னி என்ற சிறிய ஊரில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, போர் முடிந்த மறு ஆண்டு, 1946ல், ஹல் நகரில் அப்போது சிறிய கல்லூரியாக இருந்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பிரின்மோர் ஜோன்ஸ் என்ற பேராசிரியரின் கீழ் திரவப் படிகங்களை ஆராயத் தொடங்கி 1953ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கல்லூரி அடுத்த ஆண்டு முழுப் பல்கலைக்கழகமாக ஆயிற்று.

அந்தக் காலத்தில் திரவப் படிகத்தால் யாருக்கும் ஒரு பைசா பயன் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் பார்த்து ஆச்சரியப்படும் ஒரு வேடிக்கைப் பொருள், அவ்வளவுதான். கிரே செய்ததோ அலுக்காத, அலட்டாத வேலை. மூலக்கூறின் நுனியில் இந்த அணுக்களை ஒட்டினால் உருகுநிலை என்ன ஆகிறது, வாலை ஒரு கார்பன் நீட்டினால் என்ன ஆகிறது, பக்கவாட்டில் ஒரு முண்டு வைத்தால் வரிசை எவ்வளவு சீக்கிரம் கலைகிறது என்று ஒவ்வொன்றாகச் செய்து, அளந்து, எழுதி வைத்தார். 1962ல் மூலக்கூறின் அமைப்புக்கும் திரவப் படிகத்தின் குணத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இத்துறைக்கு ஆங்கிலத்தில் வந்த முதல் முழு நூல் என்று அதைச் சொல்வார்கள். அதை அப்போது எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு காற்று திசை மாறியது. 1968ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் என்பவரின் குழு, திரவப் படிகத்தில் மின்சாரம் செலுத்தி எண்களைக் காட்டியது. தட்டையான திரை சாத்தியம் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 1967ல், பிரிட்டனின் தொழில்நுட்பத் துறையில் இருந்த ஜான் ஸ்டோன்ஹவுஸ் மால்வெர்ன் ஊரில் இருந்த அரசு ராடார் ஆய்வு நிலையத்துக்கு வந்திருந்தார். கலர் டி.வி.யின் பிக்சர் டியூப்புக்காக அமெரிக்க நிறுவனத்துக்குப் பிரிட்டன் கட்டும் உரிமைத்தொகை, கான்கார்டு விமானத்தை உருவாக்கும் செலவைவிட அதிகம் என்று அங்கே பேச்சு வந்ததாம். 'அப்படியானால் நாமே ஒரு தட்டைத் திரையைக் கண்டுபிடித்தால் என்ன?' என்ற யோசனை அங்கிருந்துதான் கிளம்பியது. அந்த நிலையத்தில் இந்த வேலையைத் தலைமை தாங்கி நடத்திய சிரில் ஹில்சம் இந்தக் கதையைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பழைய சி.ஆர்.டி. மானிட்டரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அவர்களின் அவசரம் புரியும். 17 அங்குல மானிட்டர் ஒன்றை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் மறுநாள் முதுகு அதைச் சொல்லும்.

நடுவில் இருந்த ஓட்டை

திரை செய்யலாம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதில் ஊற்றுவதற்கு உருப்படியான பொருள் இல்லை. ஆரம்பகாலப் பொருள்கள் பல, சூடாக்கினால்தான் திரவப் படிகமாக இருந்தன. 1969ல் ஜெர்மனியில் எம்.பி.பி.ஏ. என்ற ஒரு பொருளைச் செய்தார்கள். அது அறை வெப்பநிலையில் வேலை செய்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் கொஞ்சம் ஈரக்காற்று பட்டாலே அது சிதைந்தது. அதை ஊற்றிச் செய்த திரையை நம்பி யார் கைக்கடிகாரம் விற்பது?

இங்கே கொஞ்சம் வேதியியல் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், ஒரே ஒரு படம்தான். அன்றைய திரவப் படிக மூலக்கூறு எல்லாம் ஏறக்குறைய ரயில் மாதிரி இருக்கும். இரண்டு பெட்டிகள், அவற்றை இணைக்கும் ஒரு கொக்கி, இரண்டு நுனியிலும் ஏதாவது ஒரு வால். பெட்டி என்றால் பென்சீன் வளையம். கொக்கி என்றால் கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு இணைப்பு. எம்.பி.பி.ஏ.யில் தண்ணீர் வந்து வெட்டியது இந்தக் கொக்கியைத்தான். சிலர் இரண்டு நைட்ரஜனால் கொக்கி போட்டுப் பார்த்தார்கள். அது மஞ்சளாக இருந்தது, வெளிச்சத்துக்கும் ஆகவில்லை. இரண்டு கார்பனால் போட்டார்கள். புறஊதாக் கதிர் பட்டால் அது வளைந்து உருமாறிவிட்டது. எந்தக் கொக்கி போட்டாலும் கொக்கியிலேயே கோளாறு.

1970ல் கிரேயின் குழுவுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒப்பந்தம் கிடைத்தது. அறை வெப்பநிலையில் திரவப் படிகமாக இருக்கும், கெட்டுப்போகாத ஒரு பொருளைச் செய்து தர வேண்டும். கால் நூற்றாண்டாக எழுதி வைத்திருந்த குறிப்புகள் எல்லாம் இப்போது வேலைக்கு வந்தன. அவர் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது: கொக்கியே வேண்டாம். இரண்டு பென்சீன் வளையங்களையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று இணைத்துவிட்டார். ஒரு நுனியில் ஐந்து கார்பன் நீளமுள்ள வால். மறு நுனியில் சயனோ எனப்படும் கார்பன், நைட்ரஜன் ஜோடி. இந்த ஜோடிக்கு மின்புலத்தின் இழுப்பு நன்றாகப் பிடிக்கும் என்பதால் குறைந்த வோல்டேஜிலேயே மூலக்கூறு திரும்பும். கொக்கியை எடுத்தால் திரவப் படிகக் குணமும் கூடவே போய்விடுமோ என்பதுதான் ஆபத்து. சயனோ நுனி அதைக் காப்பாற்றிக் கொடுத்தது. எந்த நுனி எவ்வளவு தாங்கும் என்று பல வருடம் அளந்தவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

1972ல் அந்தப் பொருள் கிடைத்தது. அதன் சுருக்கப் பெயர் 5சி.பி. நிறமற்றது. தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் அசையவில்லை. மால்வெர்னில் சோதித்தவர்களுக்கு நம்ப முடியவில்லை. கிரே, ஹாரிசன், நாஷ் ஆகிய மூவரின் பெயரில் 1973ல் அறிவிப்பு வெளியாயிற்று.

ஆனால் வேலை முடியவில்லை. 5சி.பி. சுமார் 24 டிகிரியில் உருகி, 35 டிகிரியில் வரிசை கலைந்து தெளிந்துவிடும். நடுவில் பதினோரு டிகிரிதான். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் உறைந்து போகும். நம் ஊர் சித்திரை மாதத்தில் மின்விசிறி ஓடும் அறையிலேயே தெளிந்து தண்ணீராகிவிடும். இப்படிப்பட்ட கடிகாரத்தை யாரும் வாங்கமாட்டார்கள்.

இதற்குப் பதில் கலவையில் இருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் பழகியவர்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327 டிகிரியில் உருகும். இரண்டையும் 63க்கு 37 என்று கலந்த சால்டரிங் கம்பி 183 டிகிரியிலேயே உருகிவிடும். சரியான அளவில் கலந்தால் உருகுநிலை, கலந்த இரண்டையும்விடக் கீழே போகும். மால்வெர்னில் பீட்டர் ரெய்ன்ஸ் என்ற இயற்பியலாளர், எந்தெந்தப் பொருளை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் வழியை வகுத்தார். குருட்டாம்போக்கில் நூறு கலவை செய்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. கிரேயின் குழு மூன்று வளையங்கள் கொண்ட ஒரு நீளமான உறவுக்காரனையும் செய்து கொடுத்தது. அது வரிசை கலையும் வெப்பநிலையை மேலே தூக்கியது. இப்படி நான்கு பொருள் சேர்ந்த கலவைக்கு இ7 என்று பெயர். சுமார் மைனஸ் 10 டிகிரி முதல் 60 டிகிரி வரை தாங்கும். பூல் நகரில் இருந்த பி.டி.எச். நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. கடிகாரமும் கால்குலேட்டரும் செய்யும் கம்பெனிகள் வாங்கத் தொடங்கின.

உங்கள் திரையில் என்ன நடக்கிறது?

இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். நடுவில் சில மைக்ரான் இடைவெளி. நம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்தான் திரவம். மேல் கண்ணாடியை ஒட்டிய மூலக்கூறுகள் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கும். கீழ்க் கண்ணாடியை ஒட்டியவை வடக்கு தெற்காகப் படுத்திருக்கும். நடுவில் இருப்பவை சுழல் படிக்கட்டு போல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி இரண்டையும் இணைக்கும். இந்த அமைப்பை 1970, 71ல் சுவிட்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃப்ரிக் என்ற இருவர் செய்தார்கள். அமெரிக்காவில் ஃபெர்கசன் என்பவரும் செய்தார்.

கண்ணாடியின் இரு பக்கமும் போலரைசர் என்ற பிலிம் ஒட்டியிருக்கும். இதை ஜன்னல் கம்பி போல நினைக்கலாம். ஒரே ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். ஒரு பிலிம் கிடைமட்டம், இன்னொன்று செங்குத்து என்றால் ஒளி தாண்டாது, இருட்டுதான். ஆனால் நடுவில் சுழல் படிக்கட்டு இருக்கிறதே! ஒளி அதன் வழியாக 90 டிகிரி திரும்பி, இரண்டாவது பிலிமையும் தாண்டி வந்துவிடும். திரை வெள்ளை. மின்சாரம் கொடுத்தால் மூலக்கூறுகள் எழுந்து நிற்கும், படிக்கட்டு மறையும், ஒளி மாட்டிக்கொள்ளும். திரை கறுப்பு. இடைப்பட்ட வோல்டேஜ் கொடுத்தால் சாம்பல் நிறம். 1920க்கு 1080 அளவுள்ள மானிட்டரில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கதவுகள். ஆக, 62 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள் உங்கள் மேஜை மேல் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. இப்போது ஐ.பி.எஸ். என்று போட்டு வரும் மானிட்டர்களில் மூலக்கூறுகள் எழுந்து நிற்பதில்லை, படுத்தபடியே திரும்பும். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாததற்கு அதுதான் காரணம்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். போலராய்டு வகை கூலிங் கிளாஸ் யாரிடமாவது இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், அதில் எதுவும் தெரியாது. நோட்பேடைத் திறந்து திரை முழுக்க வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை அப்படியே இருண்டுவிடும், இன்னும் சுழற்றினால் திரும்ப வரும். என் பக்கத்து வீட்டுப் பையன் இதை ஒரு மணி நேரம் செய்துகொண்டிருந்தான்.

இப்போது என் மீட்டருக்கு வருகிறேன். வெயிலில் அந்தத் திரவம் அதன் இரண்டாவது வெப்பநிலையைத் தாண்டிவிட்டது. வரிசை கலைந்தது, சுழல் படிக்கட்டு இல்லை, ஒளி திரும்பவில்லை. அதனால் எண்கள் இருக்கும் இடம், இல்லாத இடம் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாம் கறுப்பு. நிழலில் ஆறியதும் மூலக்கூறுகள் தாமாகவே வரிசைக்கு வந்துவிட்டன. எதுவும் கெடவில்லை. வெயிலில் வைத்த கால்குலேட்டரோ, கார் கண்ணாடிக்குப் பின்னால் மறந்துவிட்ட கருவியோ இப்படிக் கறுத்தால் உடனே சர்வீஸுக்கு ஓடாதீர்கள். அணைத்துவிட்டு நிழலில் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள்; உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஆறிய பிறகும் கறுப்பு போகவில்லை என்றால் அது வேறு கோளாறு, அப்போது கடைக்குப் போகலாம். தினமும் கறுக்கும்படி விட்டாலும் நல்லதல்ல. மேலே ஒட்டியிருக்கும் போலரைசர் பிலிம் வெயிலில் நாளாக நாளாகப் பழுத்துவிடும், அது ஆறினாலும் திரும்ப வராது.

மானிட்டரைத் துடைக்கும்போதும் உள்ளே இருப்பது சில மைக்ரான் திரவம் என்பதை மறக்க வேண்டாம். அணைத்துவிட்டு, மெல்லிய காய்ந்த துணியால் அழுத்தாமல் துடையுங்கள். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயை நேராகத் திரையில் அடிக்கவே கூடாது. விரலால் குத்திக் காட்டிப் பேசும் பழக்கம் உள்ள உறவினர்களுக்கு ஒரு பென்சிலைக் கொடுத்து, தூரத்தில் இருந்தே காட்டச் சொல்லுங்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

1979ல் ஹல் பல்கலைக்கழகத்துக்குத் தொழில்நுட்பச் சாதனைக்கான ராணியின் விருது கிடைத்தது. ஒரு பல்கலைக்கழகம் அதை வாங்கியது அதுவே முதல் முறை. கிரே 1983ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1995ல் ஜப்பானின் கியோட்டோ பரிசு. கடிகாரமும் டி.வி.யும் செய்து உலகத்துக்கு விற்ற நாடே அவரைக் கூப்பிட்டு மரியாதை செய்தது என்பது பொருத்தம்தான். 2013 மே மாதம், 86 வயதில், காலமானார்.

ஸ்டோன்ஹவுஸ் கேட்டது நடந்ததா என்றால், பாதி நடந்தது என்பேன். பொருளுக்கான உரிமைத்தொகை இந்த முறை பிரிட்டனுக்கு வந்தது. ஆனால் திரை செய்யும் பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் கிழக்கு ஆசியாவில் எழுந்தன. மருந்து செய்தவன் ஒரு ஊர், ஆஸ்பத்திரி கட்டியவன் இன்னொரு ஊர்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய மானிட்டர்களிலும் டி.வி.களிலும் இருப்பது கிரேயின் 5சி.பி. அல்ல. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டிரான்சிஸ்டர் வைத்த பிறகு, அந்தப் புள்ளியில் கொடுத்த வோல்டேஜ் கசியாமல் நிற்க வேண்டியிருந்தது. சயனோ நுனி அதற்கு ஒத்துவரவில்லை. அந்த இடத்தில் ஃப்ளூரின் சேர்ந்த மூலக்கூறுகள் வந்தன. ஆனால் அவற்றிலும் பாருங்கள், வளையங்களை நேரடியாக இணைத்துவிடும் அந்த வழி பலவற்றில் அப்படியே இருக்கிறது. ஓ.எல்.இ.டி. திரைகளில் மட்டும் படம் காட்டுவது திரவப் படிகம் அல்ல. அங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுகிறது.

என் மீட்டரை நான் மாற்றவில்லை. வெயிலில் நிறுத்த வேண்டி வந்தால் அதன் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டுவிட்டுப் போகிறேன். புது மானிட்டரில் அணையாமல் நிற்கும் ஒற்றைப் புள்ளி பற்றி வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். அதை அடுத்த இதழில் பார்க்கலாம்.